மதிக்கு ஓர் அக்கா இருந்தாள்

'இறுதிச்சுற்று' (2016) பார்த்தவர்களுக்கு ரித்திகா சிங்கை மறந்திருக்காது. மீன் விற்கிற மதி. வாய் நிறைய வசவு, கை நிறையக் குத்து. அவளுக்கு லக்ஸ் என்று ஓர் அக்கா உண்டே, ஞாபகம் இருக்கிறதா? நடித்தவர் மும்தாஜ் சர்க்கார், மேஜிக் பி.சி.சர்க்கார் ஜூனியரின் மகள். அந்த அக்காவும் வருஷக்கணக்கில் பாக்ஸிங் பழகுகிறாள். உலக சாம்பியன் ஆக அல்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைக்குமே என்று.

படம் அவளை என்ன செய்கிறது? கோச் மாதவனின் கண் தங்கை மேல் விழுகிறது. அக்கா பொறாமையில் வெந்து, தங்கையின் கையையே காயப்படுத்துகிறாள். அதோடு நாம் அவளைக் கைகழுவிவிட்டு மதிக்குக் கைதட்டப் போய்விடுகிறோம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு பெண்ணின் கோபத்தை சுதா கொங்கரா அளவுக்கு நேராகக் காட்டியவர்கள் தமிழில் குறைவு. ஆனாலும் என் மனசு அக்கா பக்கமே நிற்கிறது. காரணம், விருதுநகர் மாவட்டம்.

சிவகாசி, சாத்தூர் பக்கத்து வேலையை யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, வெடிக்குத் திரி வைப்பது, சரம் பின்னுவது. எல்லாமே உட்கார்ந்து, குனிந்து, விரலால் செய்கிற வேலை. சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்று ஒரு நியாயம் வேறு சொன்னார்கள். விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன கதையை 1983-ல் ஸ்மிது கோத்தாரி ஆங்கிலத்தில் எழுதியபோது நாடே திடுக்கிட்டது. அந்த வண்டியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். தம்பி பள்ளிக்கூடம் போவான்; அக்கா தீப்பெட்டி ஆபீஸ் போவாள், தன் கல்யாணச் செலவுக்குத் தானே சம்பாதிக்க. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த காமராஜர் பிறந்த மண்ணில்தான் இது நடந்தது.

1996-ல் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் தலைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. பள்ளிக்கூடமும் மெல்ல ஜெயித்தது. நிஜமாகவே ஜெயித்தது. 2018-லும் 2023-லும் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகருக்கு. அந்த வாத்தியார்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால், பி.டி. பீரியட் என்ன ஆகிறது? உங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன ஆனதோ அதுதான். கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பையன்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, சாயங்காலம் தெருவில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தெரு கிடையாது. "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அவள் கை காலை வீசி ஓட மிச்சமிருந்த ஒரே இடம் அந்த 45 நிமிஷம். நேற்று தீப்பெட்டிக்காகக் குனிந்தவள், இன்று மார்க்குக்காகக் குனிகிறாள். இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதுகு இன்னும் நிமிரவில்லை.

நம் விளையாட்டுப் படங்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. 'கனா'வில் (2018) குளித்தலைப் பெண் கௌசி நேராக உலகக் கோப்பைக்குப் பந்து வீசுகிறாள். சத்யராஜின் விவசாயி அப்பா கண்ணைக் கலங்க வைக்கிறார். படத்தின் உயிரே அவர்தான். 'பிகில்' (2019) ஒரு படி மேலே போய், ஒரு பெண்ணைக் 'குண்டம்மா' என்று எல்லோர் முன்னாலும் சீண்டினால்தான் கோல் விழும் என்கிறது. ஆக்கம் என்றால் இதுதான் போலிருக்கிறது. மூன்று படத்திலும் ஓர் ஆண் வந்து கண்டுபிடிக்க வேண்டும், கடைசியில் கோப்பை வர வேண்டும். கோப்பை வராத பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று யாரும் யோசிப்பதில்லை.

லக்ஸ் யோசித்தாள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள். மத்தாப்பு ஆலையில் உட்கார்கிற அம்மாவின் மகளுக்கு இது அற்ப ஆசையா? 2012-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிய பூமி அது. பட்டாசை விட்டு வேறெங்காவது பிழைக்க ஒரு வழி என்பது அங்கே பேராசையில்லை. மெடல் கிடைக்காமலே போகட்டும். பஸ் ஏறி மதுரையில் விளையாடி, தோற்று, ராத்திரி ஊர் திரும்பிய பெண்ணை, மறுவருஷம் பதினெட்டு முடிந்த கையோடு கட்டிக் கொடுப்பது கொஞ்சம் கஷ்டம். அவள் ஒரு கேள்வி கேட்பாள்.

அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற சட்டம். அப்போது அங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 3 லட்சம். இன்று 30 லட்சத்துக்கும் மேல். ஒலிம்பிக் மெடல்கள் அப்புறம் தானாக வந்தன.

சுதா கொங்கரா இல்லாவிட்டால் வேறு யாராவது லக்ஸின் கதையை எடுக்கலாம். சாத்தூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. மாவட்டப் போட்டியில் நாலாவதாக வந்த ரிலே டீம் பெண்ணொருத்தி, மறுநாள் பி.டி. பீரியடுக்கு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சாக்பீஸும் கையுமாகக் கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் நுழைகிறார். முதல் ஷாட்டை அங்கே வைக்கலாம்.