வாடிவாசலின் இரு பக்கங்கள்: சல்லிக்கட்டு ஒளிப்படங்களில் சட்டகமும் பொருளும்

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டத்துக்குட்பட்ட பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பொங்கலையொட்டி நிகழும் சல்லிக்கட்டு ஆண்டுதோறும் எண்ணற்ற ஒளிப்படங்களுக்குப் பொருளாகிறது. எனினும் நாளிதழ்கள் வெளியிடும் படங்களுள் பெரும்பாலானவை ஒரே படத்தின் மறுபதிப்புகள் போலவே தோன்றுகின்றன. வாடிவாசலைக் கடந்த காளை கால்கள் தரையில் படாமல் எழும்புகிறது. திமிலை அணைத்த இளைஞன் அதன் விலாவோடு ஒட்டியிருக்கிறான். தடுப்புக்கு அப்பால் முகங்களின் திரள். இவ்வொருமைக்குக் களத்தின் இயல்பு மட்டும் காரணமன்று.

காளை வெளிப்படும் திசைக்கு எதிரே, பாதுகாப்பான தொலைவில் நின்று, டெலிபோட்டோ லென்ஸ் வழியாக எடுக்கப்படுவன இப்படங்கள். அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கையில் முன்புலமும் பின்புலமும் நெருங்கிவிடுகின்றன. காளைக்கும் அதன் பின்னே நிற்கும் வீரர்களுக்கும் இடையிலான பல அடி வெளி படத்தில் ஒரு சாணாகச் சுருங்குகிறது. கீழ்விளிம்பைச் சற்று உயர்த்தி வெட்டினால் தேங்காய் நார் பரப்பிய தரை மறைகிறது. தரை மறைந்தபின் தாவலை அளக்க அளவுகோல் இல்லை. ஓரடித் தாவல் ஆளுயரத் தாவலாகத் தோன்றலாம். வீரம் என்று வாசிக்கப்படுவதில் ஒரு பகுதி இவ்விளிம்பின் ஆக்கம்.

தேர்தலும் விலக்கலுமே ஒளிப்படத்தின் மையச் செயல் என்றும், அது படத்தின் விளிம்பில் நிகழ்கிறது என்றும் ஜான் சார்க்கோவ்ஸ்கி 1966இல் வாதிட்டார். சல்லிக்கட்டைப் பொறுத்தவரை அவ்விளிம்பு நீதிமன்றம் வரை சென்றது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது கருத்தில் கொண்ட விலங்கு நல வாரிய அறிக்கைகள், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய இடங்களில் களத்தோடு நில்லாமல் வாடிவாசலின் பின்புறத்தையும் காளைகளை மீளப் பிடிக்கும் இடத்தையும் ஆராய்ந்தன. முறுக்கப்படும் வால், இழுக்கப்படும் மூக்கணாங்கயிறு, நெருக்கடியான காத்திருப்பு என்பன அங்கே பதிவாயின. நாளிதழ்ச் சட்டகம் விலக்கியதே வழக்கின் சான்றாயிற்று.

ஆனால் சான்றுப் படம் சட்டகமற்றது எனக் கருதுவது பிழை. வாலையும் மூக்கையும் அண்மைக் காட்சியாகத் தனித்து எடுக்கும்போது, அக்காளையை வளர்த்தவரின் முகமும், பிற நாள்களில் அவர் அதனோடு வாழும் தொழுவமும் வெளியே தள்ளப்படுகின்றன. வன்கொடுமை நிகழவில்லை என்பது இதன் பொருளன்று. அதனைச் செய்யும் கை யாருடையது என்ற வினாவை அப்படம் எழுப்புவதில்லை என்பதே குறை. 2017 போராட்டக் காலச் சுவரொட்டிகளோ எதிர்த்திசையில் சென்று, காளையையும் வீரனையும் நிழலுருவாக்கின. நிழலுருவுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, காயமும் இல்லை.

இவ்விரு மரபுகளுக்கும் அடங்காதது முதலில் அவிழ்த்துவிடப்படும் கோயில் காளை. அதனை யாரும் அடக்குவதில்லை. வீரர்கள் விலகி வழிவிடுகின்றனர். அங்கே காட்சியமைப்பின் மையம் தழுவலன்று, மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே விடப்படும் வெற்றிடம். டெலிபோட்டோ லென்ஸ் முதலில் அழிப்பதும் அவ்வெற்றிடத்தையே. ஆதலின் அகன்ற கோணத்தில், தரையோடு சேர்த்து எடுக்கப்பட்ட கோயில் காளைப் படம் சடங்கையும் ஆட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டவல்லது.

2024 சனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் நிலையான அரங்கம் திறக்கப்பட்டது. அங்குள்ள பார்வையாளர் மாடத்திலிருந்து நோக்குகையில் கோணம் உயர்கிறது. தரை மீண்டும் சட்டகத்துக்குள் வருகிறது. வாடிவாசலின் பின்புறம் மட்டும் இன்னும் சுவருக்கு அப்பால்.