விசையில் இருக்கிறது விலை

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி இன்றும் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. சில நூறு டாலருக்கும் கிடைக்கும். ஆர்கன்சாவின் வில்சன் காம்பாட் போன்ற பட்டறையில் வாங்கினால் பல ஆயிரம்.

மலிவானதன் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தைப் பிடித்து அசைத்தால் லேசாக ஆடும். விலை கூடியதில் அந்த ஆட்டமே இல்லை. ஸ்லைடையும் அடிச்சட்டத்தையும் கைதேர்ந்த ஒருவர் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவிச் சேர்த்திருக்கிறார். பின்னுக்கு இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நழுவி வரும். கைப்பிடியின் முன்புறம் விரல் வழுக்காதிருக்க அங்குலத்துக்கு 30 கோடுகள் என்ற கணக்கில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருப்பார்கள். ஒரு கோடுகூடப் பிசகியிருக்காது. எல்லாவற்றையும்விட விசைதான் அருமை. துளிகூட இழுபடாமல், நினைத்த கணத்தில் விடுபடும்.

குறிபார்த்துப் போட்டியில் சுடுபவருக்கு அந்தப் பணம் தகும் என்பேன். வீட்டுக் காவலுக்கு வாங்குகிற அமெரிக்கருக்குத் தேவையில்லை; அத்தனை இறுக்கமாகப் பொருத்திய துப்பாக்கி சில சமயம் முதல் சில நூறு தோட்டாக்கள்வரை சிக்கவும் செய்யும். அவருக்கு ஒரு குளோக் கைத்துப்பாக்கி போதும். மிச்சப் பணத்தைத் தோட்டாவுக்கும் நல்ல பயிற்சியாளருக்கும் கொடுக்கட்டும்.