கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா?

மாணவ நண்பரே, “நீங்கள் எந்த வகை?” என்று கேட்கும் வினாத்தாள் ஒன்று உங்கள் கைக்கும் வந்திருக்கலாம். பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று ஒரு முத்திரை கிடைத்துவிடும். அதற்கேற்பப் படித்தால் மதிப்பெண் உயருமாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா?

ஒருவருக்குப் படம் பிடிக்கும், மற்றவருக்குப் பேச்சுப் பிடிக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிடித்த வழியில் கற்பித்தால் அவரவர் கூடுதலாகக் கற்கிறார் என்பது வேறு கூற்று. அதற்குச் சான்று வேண்டும். 2008-இல் ஹால் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலார் அச்சான்றைத் தேடினர். முறையாக நடத்தப்பட்ட சோதனைகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல, இக்கூற்றுக்கு நேர்மாறான முடிவையே காட்டின.

எந்தப் புலன் தேவை என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. மயிலாப்பூரில் ஒரு பாட்டு வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஆசிரியை ஒரு வரி பாட, மாணவி அதைத் திருப்பிப் பாடுகிறாள். “நான் கண்ணால் கற்பவள்” என்று அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் சுருதி சேருமா? மாட வீதியில் பூக்கட்டும் அம்மாளிடம் விளக்கம் மட்டும் கேட்டு, நாரைத் தொடாமல் பூத்தொடுக்க வருமா? இந்தியாவின் வரைபடத்தைக் காதால் கற்க முடியுமா?

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, அதன் ஒலியை வாயால் சொல்லும். எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்றும் உண்டு. இவன் கண், அவன் காது என்ற பாகுபாடு இல்லை.

அப்படியானால் உண்மையில் உதவுவது எது? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். வேறொன்றை ஒருமுறை மட்டும் படித்து, பிறகு பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இருமுறை படித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவிருந்தன. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: இருமுறை படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56!

காரணம் எளிது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அப்பழக்கத்தையே அறிவு என்று நம்பி ஏமாறுகிறோம். நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதோ, மீண்டும் எடுக்கும் வழி உறுதிப்படுகிறது. தேர்வு மண்டபத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த வழிதானே?

ஆகவே இன்று ஒரு பாடத்தைப் படித்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திருத்துங்கள். நாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள். ஒரே இரவில் விழித்துப் படிப்பதைவிட, இவ்வாறு இடைவெளி விட்டுப் படிப்பது நெடுநாள் நிற்கும்.

இம்முறை கடினமாகத் தோன்றும், தடுமாற்றமும் வரும். அதற்காக, “எனக்குக் கேட்டால் வராது, கணக்குப் போட்டால் வராது” என்று உங்கள் மீது நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். பயிற்சியால் திறக்கக்கூடிய கதவை அந்த முத்திரைதான் மூடிவிடுகிறது.