நன்னிலத்துக்கு எத்தனை எழுத்து?

தை பிறந்து சம்பாக் கதிர் தலைசாய்ந்தவுடன், நன்னிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லோர் வாயிலும் அடிபடும் விஷயம், அறுவடை இயந்திரம் எப்போது கிடைக்கும், மணிக்கு என்ன வாடகை என்பதேயாகும். அந்தத் தவிப்பைக் கண்டு, படிப்பை முடித்து ஊர் திரும்பிய என் உறவினர் மகன் ஒருவன், இயந்திரத்தை முன்பதிவு செய்வதற்கு ஓர் இணையதளம் அமைக்கப் புகுந்தான். செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவியிடம் தனக்கு வேண்டியதைச் சாதாரண வாக்கியங்களில் எடுத்துச் சொல்லி, படிவமும் தரவுத்தளமும் தேதி அட்டவணையும் கூடிய ஒரு தளத்தை, காலையில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் என் கண்முன்னே இயங்க வைத்தான். அது பிரத்தியட்சமான சாதனை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2021-இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது முதல் இத்தகைய கருவிகள் பெருகி வந்திருக்கின்றன. ஆயிரம் பேர் ஆயிரம் தடவை எழுதிய காரியங்களில், அதாவது நுழைவுப் பக்கம் அமைப்பது, கைபேசித் திரைக்கேற்பப் பக்கத்தை ஒடுக்குவது போன்றவற்றில், அவற்றின் சாமர்த்தியம் சந்தேகத்துக்கு இடமற்றது. அதனினும் பெரிதாக நான் மதிப்பது வேறொன்று: அருகில் கேட்டுத் தெளிய அனுபவசாலி ஒருவரும் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு, நள்ளிரவில் தோன்றிய பிழைச் செய்தியின் பொருளைச் சலியாமல் தமிழிலேயே விளக்கிச் சொல்லும் துணை இதற்குமுன் வாய்த்ததில்லை.

ஆனால் மறுநாள் தன் பாட்டியின் பெயரை அவன் தமிழில் தட்டியபோது படிவம் அதை ஏற்க மறுத்துவிட்டது. கருவி தானாகவே எழுதியிருந்த நிபந்தனை ஆங்கில எழுத்துகளை மட்டுமே அனுமதித்தது. திருத்தச் சொன்னபோது, எம்மொழி எழுத்தையும் ஏற்கும் என்று உறுதி கூறி அது தந்த மாற்று நிபந்தனையிலும் அந்தப் பெயர் தேறவில்லை. காரணம் ஒருங்குறியின் பாகுபாட்டிலேயே இருக்கிறது: ‘க’, ‘ம’ போன்றவை அங்கே எழுத்து என்னும் வகுப்பைச் சேர்ந்தவை, புள்ளியும் காலும் கொம்பும் குறி என்னும் தனி வகுப்பைச் சேர்ந்தவை. எழுத்து மட்டுமே வரலாம் என்று விதித்த மாத்திரத்தில் நம் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ‘நன்னிலம்’ நமக்கு ஐந்தெழுத்துச் சொல்; ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கில் அது எட்டு. கருவியிடம் இந்த ஞானம் இல்லை என்று சொல்லமாட்டேன். குறிப்பிட்டுக் கேட்டதும் மிகத் தெளிவாக விளக்கியது. கேட்கத் தெரிந்தவனுக்கே அது விளக்கியது என்பதுதான் என் கவலை.

இதைவிட அபாயமானது கண்ணுக்கே புலப்படாத குறை. தளத்தின் இணைய முகவரியில் கடைசியிலிருந்த பதிவு எண்ணோடு ஒன்றைக் கூட்டியவுடன், அடுத்த விவசாயியின் பெயரும் கைபேசி எண்ணும் திரையில் வந்து நின்றன. கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் வரி நிரலில் இல்லவே இல்லை. நாற்றங்காலில் நெல்லைப் போலவே முளைக்கும் குதிரைவாலிப் புல்லை, இலை தண்டோடு கூடும் இடத்தில் நெல்லுக்குரிய மெல்லிய சவ்வு இல்லாததைக் கண்டே பிரித்தறிய வேண்டியிருப்பதுபோல, இந்த நிரலின் குறையும் இல்லாததைத் தேடுகிறவனுக்கே அகப்படும். 2021-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாதுகாப்புக் குறை நேரக்கூடிய 89 சூழல்களை அமைத்து, கோபைலட் தந்த 1,689 நிரல்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 40 சதவீதத்தில் குறை கண்டார்கள்.

வேகத்தைப் பற்றிய பேச்சிலும் நிதானம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சிறியதொரு வலைச் சேவையகம் எழுதும் சோதனையில், கோபைலட் துணையோடு எழுதியவர்கள் 55.8 சதவீதம் விரைவாக முடித்தார்கள் என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறியது. 2025-இல் மெட்ர் (METR) என்ற அமைப்பு, தாம் பல்லாண்டு பழகிய பெரிய நிரல்தொகுதிகளில் பணிபுரியும் 16 தேர்ந்த நிரலாளர்களை 246 பணிகளில் சோதித்தபோதோ, கருவியை அனுமதித்த பணிகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் விரைந்து முடித்ததாகவே நம்பியிருந்தார்கள். இரண்டும் முரணல்ல என்பது என் அபிப்பிராயம். முன்னது எவரும் அறிந்த சிறு வேலை. பின்னது உள்ளிருப்பவர் மட்டுமே அறிந்த நுணுக்கங்கள் நிறைந்த வேலை. இணையதளப் பணியில் முதல் நாள் முன்னதற்கும், அப்பால் வரும் ஆண்டுகள் பின்னதற்கும் உரியவை.

அந்தப் பிள்ளை கருவியைக் கைவிடவில்லை, கைவிடவும் வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு ஒரு சிறு பகுதியை மட்டுமே எழுதச் சொல்கிறான். தந்ததை வரிவரியாகப் படித்து, ஒரு வரிக்குக் காரணம் விளங்காவிட்டால் அதைத் தளத்தில் சேர்ப்பதில்லை. கடவுச்சொற்களையும் விவசாயிகளின் விவரங்களையும் கருவியிடம் காட்டுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சரிபார்க்கவேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். ஏக்கர், ஹெக்டேர் மட்டுமே இருந்த படிவத்தில் ‘மா’ என்ற நில அளவையும் சேர்த்தது அந்த நோட்டினால்தான். சென்ற வாரம் அதில் ஏறிய வரி, வயலில் ஈரம் உண்டா, பெல்ட் வண்டி வேண்டுமா, டயர் வண்டி போதுமா என்பது. அதைச் சொன்னவர், வரப்பில் நின்றபடி அவன் கைபேசியைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர்.