ஆறு பெண்களும் ஒரு மருத்துவரும்: சுனிதி சாலமோன் வரலாற்றை வாசிக்கும் முறை

மருத்துவர் சுனிதி சாலமோன் 2015ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் சென்னையில் மறைந்தார். 2017இல் நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டில், ஆன் கிம், பிரியா கிரி தேசாய் ஆகிய இருவர் இயக்கிய ‘லவ்சிக்’ என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. அம்மையாரைப் பற்றி அச்சிலும் திரையிலும் வந்தவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரு உருவங்களே திரும்பத் திரும்ப வரையப்படுகின்றன. ஒன்று, இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை 1986இல் முதன்முதல் வெளிப்படுத்திய ஆய்வாளர். மற்றொன்று, முதிய வயதில் தம் நோயாளிகளுக்கு வரன் தேடிக் கொடுத்த தாய். இவ்விரண்டும் மெய்யே. ஆயின் முதலாவது உருவம் இரண்டாவதாக மாறியது எவ்வாறு என்னும் வினாவை எழுப்புவோர் அரியர். நம் பிரசங்க மேடைகளோ இவ்வினாவை அறவே தாண்டி, குஷ்டரோகியைத் தொட்ட இயேசுவோடு அம்மையாரை ஒப்பிட்டு நின்றுவிடுகின்றன. தொடுவதால் பரவாத ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது, தொட்டதைப் பெருஞ்செயலாகப் புகழ்வது பழைய அச்சத்தையே வேறு வழியால் உறுதிப்படுத்துவதாகும் என்பது என் கருத்து.

1986இல் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். சுனிதி அப்பொழுது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். அமெரிக்காவில் 1981இல் அறியப்பட்ட எய்ட்ஸ் நோய் இந்நாட்டில் இராது என்றே அதிகாரிகளும் மருத்துவரிற் பலரும் நம்பியிருந்த காலம் அது. அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா தம் பட்ட ஆய்வுக்கென, பாலியல் தொழில் குற்றத்தின்பேரில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். கல்லூரியில் சோதனைக்கு வசதி இல்லை. மாதிரிகள் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டன. பின்னர் அவரும் அவர் கணவரும் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் இட்டு, இரவு இரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் அவர்களின் ஆய்வகத்தில் சேர்த்தனர். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறங்கொண்டன. மீண்டும் இரத்தம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவிலும் முடிவு உறுதியாயிற்று. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார்.

துணிவும் உழைப்பும் நிறைந்த வரலாறு, ஐயமில்லை. எனினும் அதனுள் ஒரு முள் இருக்கிறது. தங்கள் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல் பிபிசி நிறுவனத்திற்கு அளித்த செவ்வியில், நிர்மலாவே இதனை ஒளிக்காமல் கூறினார். அக்காலத்து ஆய்வு முறை அத்தகையது என்று அமைதி கூறலாம். ஆனால் பூட்டிய கதவுக்குள் இருப்பவர் கையை நீட்டுவது இசைவு ஆகுமா? அறிவியலுக்கு அந்த ஆறு பேர் ஆறு மஞ்சள் குழிகள். செய்தித்தாளுக்கு அவர்கள் ஓர் எச்சரிக்கை. பின்வந்த ஆண்டுகளில் தொற்று உடையோர் எனக் கண்ட பெண்களைத் தமிழ்நாட்டு அரசு காப்பகங்களில் தொடர்ந்து அடைத்து வைத்தது. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார். 1990இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் நூற்றுக்கணக்கானோர் விடுதலை பெற்றனர். கண்டுபிடிப்பைப் போற்றும் கட்டுரைகளில் இவ்வழக்கு இடம்பெறுவது அரிது. கண்டுபிடிப்பின் விலையை யார் செலுத்தினர் என்பது இதனை விடுத்தால் விளங்காது.

சுனிதி அம்மையாரின் பெருமை, நான் வாசிக்கும் வகையில், இவ்விடத்திலேதான் தொடங்குகிறது. பரிசோதனையோடு ஆற்றுப்படுத்தலும் வேண்டும் என்று கண்டு, தாமாக வருவோர்க்கான சோதனை மற்றும் ஆலோசனை நிலையத்தைச் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே அவர் தொடங்கினார்; நாட்டில் அதுவே முதலாவது. 1993இல் அரசுப் பதவியைத் துறந்து, ஒய்.ஆர். கைதொண்டே என்னும் பெயரால் எய்ட்ஸ் ஆய்வு மற்றும் கல்வி மையத்தை நிறுவினார். இதய அறுவை மருத்துவரான அவர் கணவர் விக்டர் சாலமோன் இப்பணியை முதலில் விரும்பவில்லை. அவர்கள் கதைகளை ஒருமுறை கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்பதே மனைவியார் அவருக்கு அளித்த மறுமொழி. குருதியை ஆராய்ந்தவர் கதையைக் கேட்பவரானார் என்று இம்மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லலாம். எரிகோ வழியில் பர்திமேயுவை நோக்கி, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் வினவியதை மாற்கு 10ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்திற்கே தெரியும்; அவர் கேட்டார். 1986இன் சோதனையில் இல்லாதிருந்தது இக்கேள்வியே.

கேட்டதனால் அறிவியலுக்கும் ஊதியம் கிடைத்தது. அம்மையாரின் மையத்திற்கு வந்த பெண்களைப் பற்றி அங்குள்ளோர் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வு, அவர்களிற் பெரும்பாலோர் கணவர் ஒருவரையன்றி வேறொருவரை அறியாத இல்லத்தரசியர் என்று காட்டிற்று. பாவத்தின் சம்பளம் என்று இந்நோயை விளக்கிய நம் மறையுரைகள் அப்பெண்களின் முன்னே என்ன சொல்லக்கூடும்? மணமேடையில் நாம் ஓதிய ஆசீர்வாதத்தின் வழியே அவர்களுக்கு நோய் வந்தது. 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் சென்னை மையமும் பங்குகொண்டது. மருந்தை முன்கூட்டியே தொடங்குவோரிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என அது நிறுவியது. குருதியில் கிருமி காணப்படாத அளவுக்கு மருந்து வேலை செய்தால் உடலுறவின் வழியே தொற்று பரவாது என்பது இன்று உறுதியான மருத்துவ அறிவு.

இப்பின்னணியில்தான் ‘லவ்சிக்’ படத்தை மதிப்பிட வேண்டும். எழுபது கடந்த மருத்துவர் தொற்றுடைய ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்க்கிறார். கல்வி, வருமானம் ஆகியவற்றோடு வெள்ளணுக் கணக்கும் கிருமி அளவும் பார்க்கப்படுகின்றன. சாதகக் கட்டத்தின் இடத்தில் ஆய்வகத்தாள் வந்து அமர்ந்த விந்தையைப் படம் நகைச்சுவையோடு காட்டுகிறது. அந்நகைப்பில் இழிவு இல்லை என்பது இயக்குநர்களின் சிறப்பு. என் குறை வேறு. மணமாகாதிருப்பதே குற்றமாகக் கருதப்படும் சமூகத்தில் திருமணம் ஒரு மறைவிடமும் ஆகிறது. அச்சமூகத்தை விமர்சிப்பதைவிட அதற்குள் இருவருக்கு இடம் தேடுவதிலேயே படத்தின் அன்பு செலவாகிறது. ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. அங்கே இருவரும் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்தே சந்திக்கின்றனர். உண்மை முதலில் சொல்லப்பட்டுவிடுகிறது.

நம் சபைகளில் நிலை எவ்வாறு? ஓலை வாசிக்குமுன் எச்.ஐ.வி. சான்றிதழ் கொணரவேண்டும் என்னும் கோரிக்கை ஆயர் கூட்டங்களில் அவ்வப்போது எழுகிறது; பெண்ணைக் காப்பதே அதன் நோக்கம் என்பர். அந்நோக்கத்தை நான் பழிக்கவில்லை. மணமகளுக்கு அறியும் உரிமை உண்டு. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மலையடிவாரத்துத் தேவதானம் போன்ற ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு வாலிபனின் சான்றிதழ் குருமனை மேசைக்கு வந்தால், அது எழுத்தர் கைக்கும், பின் கமிட்டியார் காதுக்கும் செல்ல எத்தனை நாள் ஆகும்? ஓலை நின்றுபோனாலே ஊர் காரணத்தை ஊகித்துவிடும். (உலகெங்கும் புண்களைக் கட்டும் மருத்துவத் துணியை ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் நெய்கின்றன, எனினும் இந்த ஒரு நோயை மட்டும் அவ்வட்டாரத்தில் பெயர் சொல்லிக் கூறத் தயங்குகிறோம்.) மேலும், சோதனைக்குச் சான்றிதழ் கேட்பவர் சோதனைக்குப் பின் அவ்வாலிபனோடு அமர்ந்து பேச ஆயத்தமாயிருக்கிறாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

சட்டமும் இவ்வழியில் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. 1998இல் உச்ச நீதிமன்றம் தொற்றுடையோரின் திருமண உரிமையை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்று கூறிற்று. 2002இல் அக்கருத்துரைகள் தேவையற்றவை என்று அதுவே விலக்கிக்கொண்டது. 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், அறிந்து அளிக்கும் இசைவின்றிச் சோதிப்பதையும், ஒருவர் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. நாம் கேட்கும் சான்றிதழில் உள்ள இசைவு, ஓலை நின்றுவிடும் என்னும் அச்சத்தால் பெறப்படும் இசைவு. 1986இன் காப்பகத்து இசைவிலிருந்து அது பெரிதும் வேறுபட்டதன்று.

இறையியல் கல்லூரிகளில் இப்படத்தை மாணவர்க்குத் திரையிடுவோர், நிர்மலாவின் 2016ஆம் ஆண்டுச் செவ்வியையும் 1990ஆம் ஆண்டு வழக்கின் வரலாற்றையும் முதலில் வகுப்பில் வைத்துவிட்டு, அதன் பின்னரே திரையிடுதல் நன்று. திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் ஆயர்கள் சான்றிதழ்த் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுபோகுமுன், தங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனை ஆலோசகரை ஒருமுறை சந்தித்துப் பேசுவார்களாக.