காதில் கிளிப், வயிற்றில் கடமுடா

நண்பர் ஒருவர் காதில் கிளிப்போடு வீட்டுக்கு வந்தார். துணி காயப்போடும் கிளிப் மாதிரிதான், கொஞ்சம் சின்னது. அதிலிருந்து ஒரு ஒயர் செல்போனுக்குப் போகிறது. திரையில் ஒரு பூ விரிகிறது, குவிகிறது. விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், குவியும்போது விட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பூ பச்சை. மனசு அலைந்தால் சிவப்பு.

"வேகஸ் சார், வேகஸ்!" என்றார்.

அவருக்கு 53 வயது. சில மாதங்களாக வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்புசம், இரண்டு நாள் மலச்சிக்கல், மூன்றாம் நாள் அதற்கு நேரெதிர், எப்போதும் ஒரு அசதி. யாரோ சொன்னார்கள் என்று இந்தக் கருவியை வரவழைத்திருக்கிறார். விலையை மனைவியிடம் சொல்லவில்லையாம், அதனால் நானும் சொல்லப்போவதில்லை. கூடவே வந்த குட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். நாற்பதைத் தாண்டினால் வேகஸ் நரம்பு சோர்ந்துவிடுகிறது. அது சோர்ந்தால் குடல் கெடுகிறது. தினம் 20 நிமிஷம் பூவோடு மூச்சுவிட்டால் நரம்பு தேறும், குடலும் தேறும். மூன்றே வாக்கியத்தில் மோட்சம்.

இதில் எது நிஜம், எது சரக்கு என்று பார்த்துவிடலாம், வாருங்கள்.

வேகஸ் என்றால் லத்தீனில் அலைபவன், நாடோடி. மூளையின் அடித்தண்டில் கிளம்பி, தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஊர் சுற்றுவதால் அந்தப் பெயர். இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற நரம்புக்கு வேகஸ் என்று பெயர் வைத்தது தமிழர்களுக்கு மட்டும் புரியும் ஜோக். அதில் ஒரு சின்னக் கிளை காதுக்கும் போகிறது. பட்ஸ் விட்டுக் காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அது இந்தக் கிளையின் வேலை. ஆனால் நண்பர் காதில் இருந்த கிளிப்புக்கும் அந்தக் கிளைக்கும் சம்பந்தமே கிடையாது. கிளிப் வெறுமனே காது மடலில் வெளிச்சம் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுகிறது. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டுகிறார்களே, அதன் தம்பி.

எண்ணி என்ன செய்கிறது? உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது மந்தப்படும். கார்ல் லுட்விக் 1847-லேயே பதிவு செய்த சங்கதி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானப்படுத்தினால், ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடம்பின் ஏற்பாடும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்து, இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. ரஷ்யாவிலிருந்து வந்த வாஷிலோவும் நியூஜெர்ஸியின் பால் லேரரும் இதை ஒழுங்காக ஆராய்ந்தவர்கள். டுபாக்கூர் விஷயமில்லை.

இதற்குக் கருவி அவசியமா என்றால், 2001-ல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய டாக்டரின் குழு 23 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. உங்கள் பாட்டி காசு கொடுக்காமல் செய்தது.

ஜேம்ஸ் நெஸ்டரின் 'பிரெத்' (2020) புத்தகத்தையும் நண்பர் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே மூச்சில் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பத்து நாள் மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பார்த்த மனிதர் எழுதினால் சுவாரஸ்யத்துக்குக் கேட்கவா வேண்டும். எனக்கு உதைத்த இடம் ஒன்று. 5.5 விநாடி இழு, 5.5 விநாடி விடு, நிமிஷத்துக்கு 5.5 மூச்சு என்று எண்ணின் அழகில் மயங்கிவிடுகிறார். லேரர் கோஷ்டி அளந்ததில் இது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பெரும்பாலோருக்கு நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில் எங்கோ, உயரமானவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்புக்கு ரவுண்டு நம்பர் மேல் பிரியம் கிடையாது. ஆனாலும் நெஸ்டர் எவ்வளவோ பரவாயில்லை. அவருக்குப் பின்னால் கடை விரித்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களின் முதல் தப்பாட்டம், பூ பச்சையானதும் 'உங்கள் வேகஸ் பலப்பட்டுவிட்டது' என்பது. மெதுவாக மூச்சுவிட்டாலே அந்த எண் ஏறும், அது கணக்கு. பலம் கூடியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வயசாக ஆக இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் குறைகிறது என்பது நிஜம். அதனால்தான் உங்களுக்குப் பொங்கல் செரிக்கவில்லை என்பது ஜோசியம்.

இரண்டாவது பெரிய தாவல். கிளிப் பார்ப்பது இதயத்துக்குப் போகும் இழைகளின் வேலையை. இரைப்பைக்கும் குடலுக்கும் போகிற இழைகள் பெரும்பாலும் மூளைத்தண்டில் வேறொரு நரம்புத் திரளிலிருந்து கிளம்புகின்றன. ஒரே கேபிளுக்குள் வேறு வேறு ஒயர். ஹால் விளக்கு பளிச்சென்று எரிகிறது, எனவே சமையலறை மிக்ஸி நன்றாக ஓடும் என்று எந்த எலெக்ட்ரீஷியனாவது சொல்வாரா? போதாக்குறைக்கு வேகஸ் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே சேதி சொல்பவை. குடல் பேசுகிறது, மூளை கேட்கிறது. குடலுக்கோ 10 கோடிக்கும் மேலான நியூரான்களோடு சொந்த அரசாங்கமே இருக்கிறது. மைக்கேல் கெர்ஷன் 1998-ல் அதற்கு இரண்டாவது மூளை என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டார்.

ஒரு பெரியப்பா எனக்கு இருந்தார். சட்டையைக் கழற்றினால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேராக ஒரு தழும்பு. அல்சர் ஆபரேஷன். அமெரிக்காவில் டிராக்ஸ்டெட் என்ற சர்ஜன் 1943-ல் அல்சருக்காக வேகஸை வெட்டிப் பார்த்தார், அமிலம் குறைந்தது. எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டிலும் அல்சர் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் இதுதான். வேகஸைக் கத்தரித்து, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் ஒரு புது வழி போடுவது. புது வழி ஏன்? வேகஸ் இல்லாவிட்டால் இரைப்பை ஒழுங்காகக் காலியாகாது. ஆக, நரம்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. சிலருக்கு வயிற்றுப்போக்கு, படபடப்பு என்று தொந்தரவும் வந்தது. ஆனால் பெரியப்பா 81 வயது வரை இருந்தார், கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் கேட்டார். வேகஸை வெட்டிக்கொண்டவர்களுக்கு பார்க்கின்சன் நோய் குறைவாக இருக்கலாம் என்று 2015-ல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வுகூட வந்தது. வேகஸ் வியாபாரிகள் யாரும் இதை அட்டையில் போடுவதில்லை.

அவர்கள் அட்டையில் போடுவது எலியை. அயர்லாந்தில் 2011-ல் ஒரு வகை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸை வெட்டியதும் அந்தப் பலன் போய்விட்டது. பிரமாதமான சோதனை. அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017-ல் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இந்த இரண்டாவது கதையை எந்த வீடியோவிலும் நான் கேட்கவில்லை.

அப்போ மூச்சுப் பயிற்சியால் வயிற்றுக்குப் பலனே இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் நெஞ்செரிச்சல்காரர்கள் 19 பேரை வைத்து 2012-ல் ஒரு சின்ன ஆய்வு. உதரவிதானத்தால், அதாவது வயிறு எழும்பி அடங்க மூச்சுவிடப் பழகியவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் ஏறுவது குறைந்தது. காரணம் எளிது, உதரவிதானத்தின் தசைதான் அந்த வாசலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தசைக்குப் பயிற்சி கொடுத்தால் தசை பலப்படுகிறது, நாடோடி நரம்பைக் கூப்பிட வேண்டியதே இல்லை. சாப்பிட்டது திரும்பத் திரும்ப வாய்க்கு வரும் ஒரு கோளாறுக்கும் இந்த மூச்சுதான் முதல் வைத்தியம். பதற்றத்தோடு சேர்ந்து ஆடுகிற வயிறு, மனசு அடங்கினால் கொஞ்சம் அடங்கும், அதுவும் சரி.

குடலுக்கு நிஜமாகவே வேலை செய்யும் பயோஃபீட்பேக் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் அதன் சென்சார் காதில் இல்லை, ஆசனவாயில். நாள்பட்ட மலச்சிக்கல்காரர்களில் ஒரு பகுதியினர் முக்கும்போது, தளர வேண்டிய தசையைத் தெரியாமல் இறுக்கிக்கொள்கிறார்கள். திரையில் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தால் சரியாகிறது. இத்தாலியில் 109 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2006-ல் வெளியானது. ஆறு மாதத்தில் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவிகிதம் பேருக்கு நல்ல குணம், பேதி மருந்து சாப்பிட்டவர்களில் 22 சதவிகிதம். இவ்வளவு நல்ல முடிவு, ஆனால் தாமரைப் பூ கிடையாது. விளம்பரத்துக்கு நடிகை வரமாட்டார்.

அந்தக் கருவியை மூன்று வாரம் இரவல் வாங்கி நானும் பார்த்தேன். தூக்கம் நன்றாக வந்தது. பூ பெரும்பாலும் பச்சை. வயிறு எப்போதும் போல அதன் இஷ்டத்துக்கு.

திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் கவனித்தேன், நண்பர் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். உதடு வெளுத்திருந்தது. "ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எதுக்கு சார்? ஸ்கோர் தினம் ஏறிக்கிட்டே இருக்கு" என்றார்.

கருவி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் இழுத்துக்கொண்டு போனதில் ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்துக் குறைவு. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிவதை. மலம் கழிக்கும் பழக்கம் இந்த வயதில் திடீரென்று மாறினாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் அப்படியே. அமெரிக்காவில் 2021-லிருந்து ஒரு தொந்தரவும் இல்லாதவர்களையே 45 வயதில் பெருங்குடல் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை, நாமேதான் போக வேண்டும். கொலனாஸ்கோப்பியில் பெருங்குடலின் வலது பக்கம் கட்டி இருந்தது. புற்றுநோய்தான்.

நல்லவேளை, பரவியிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின இரவு பார்க்கப் போயிருந்தேன். தலைமாட்டில் மானிட்டர், விரலில் கிளிப். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். திரையில் துடிப்பு 70-க்கு ஏறியது, 62-க்கு இறங்கியது, மறுபடி ஏறியது. பயம் கொஞ்சம் குறைகிறது சார் என்றார். அதை நான் நம்பினேன்.

கண்ணைத் திறந்து திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல பூ வராதா சார்?"