நிலத்திட்டமும் மக்கள் கருத்தும்: ஓரிகன் மாநில முயற்சி பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழிலே கேட்டல் என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. வினாவுதலும் கேட்டலே, பிறர் கூறுவதற்குச் செவிகொடுத்தலும் கேட்டலே. குடிகளின் கருத்தறிய முற்படும் அரசு இவ்விரண்டையும் ஒருங்கே செய்தல் வேண்டும். முன்னையதைச் செய்து பின்னையதைத் தளரவிடின் விளைவது யாது என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலத்தின் நிலப்பயன்பாட்டுச் சட்ட வரலாறு தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின் அம்மாநிலத்து வில்லாமெற் பள்ளத்தாக்கின் வளமிக்க விளைநிலங்கள் வீட்டு மனைகளாகத் துண்டாடப்பட்டு வந்தன. இதனைத் தடுக்கக் கருதிய ஆளுநர் ரொம் மக்கோலும், பாற்பண்ணையாளராகிய செனற்றர் ஹெக்ரர் மக்பேர்சனும் முன்னின்றுழைக்க, 1973இல் செனற் சபையின் 100ஆம் இலக்க மசோதா சட்டமாயிற்று. அச்சட்டத்தால் நிறுவப்பட்ட ஆணைக்குழு, 1974இல் மாநிலமெங்கும் கூட்டங்கள் நடத்தி மக்கள் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே, அவ்வாண்டு டிசெம்பரில் 14 நெறிகளை ஏற்றது. 1976ஆம் ஆண்டின் முடிவில் அவை 19 ஆயின. விளைநிலங்களைக் காத்தல் 3ஆம் நெறி. நகரங்களுக்கு வளர்ச்சி எல்லை வகுத்தல் 14ஆம் நெறி.

இவை யாவற்றுக்கும் முன்னே வைக்கப்பட்டது குடிமக்கள் பங்கேற்பு என்னும் நெறியாகும். பலதிறத்தாரும் பங்குகொள்ளல், இருபாலும் செய்தி பரிமாறல், திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் மக்கள் கருத்துக்கு இடமிருத்தல், நுட்பச் செய்திகளை விளங்கும் வகையில் வழங்கல், கூறிய கருத்துக்கு மறுமொழி அளித்தல், இவற்றுக்கு வேண்டும் பணத்தை ஒதுக்கல் என அஃது ஆறு கூறுகளை உடையது. இவற்றுள் ஐந்தாவதே தலையாயது. முடிவுக்குரிய காரணம் எழுத்திலே இருத்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. காரணங் கூறக் கடமைப்பட்ட அதிகாரி, கருத்தைப் படியாது ஒதுக்குதல் எளிதன்று.

எனினும் இந்நெறியில் ஒரு குறையுண்டு. திட்டம் வகுக்கும் முறையையே அது பேசுகின்றது; திட்டத்தின் சுமை யார் தோளில் விழும் என்பதைப் பேசவில்லை. சட்டத்திற்கு முன்னர் நிலம் வாங்கி, அதிலே பிள்ளைகளுக்கு வீடு கட்டலாம் என நம்பியிருந்த ஒருவர், விளைநிலப் பிரிவில் அந்நிலம் சேர்க்கப்பட்டபின் எவ்வளவு பேசினும் கிடைத்த விடை விதி என்பதே. 1976, 1978, 1982 ஆகிய ஆண்டுகளில் இத்திட்டமுறையை நீக்கக் கொணர்ந்த பிரேரணைகளை வாக்காளர் நிராகரித்தனர். பெரும்பான்மையோரின் ஆதரவை அது காட்டிற்றேயன்றி, சிறுபான்மையோரின் மனக்குறை தீர்ந்தது எனக் காட்டவில்லை.

அக்குறை 2004இல் வெடித்தது. நிலமதிப்புக் குறைந்தால் நட்டஈடு வழங்குக, அன்றேல் விதியைத் தளர்த்துக எனக் கூறிய 37ஆம் பிரேரணை ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளால் நிறைவேறிற்று. 6,000க்கு மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. மூன்றாண்டுகளின் பின், 2007இல், அதனைக் கட்டுப்படுத்திய 49ஆம் பிரேரணை ஏறத்தாழ 62 சதவீத வாக்குகளைப் பெற்றது. இதனை வாக்காளரின் மனத்தடுமாற்றம் என்றல் பொருந்தாது. குடும்பத்திற்கு ஓரிரு வீடு கட்ட விரும்பியவரையும், வயலைப் பெருங் குடியிருப்பாக்க விரும்பியவரையும் ஆம், இல்லை என்னும் இரு விடைகளால் வேறுபடுத்தல் இயலாது. 49ஆம் பிரேரணை முன்னவர் பலர்க்கு மூன்று வீடுகள் வரை இடமளித்துப் பின்னவரைத் தடுத்தது. இந்த நடுவழியை, பகையும் வழக்கும் மூளுமுன் ஒரு கலந்துரையாடலிலே கண்டிருக்கலாகும்.

கலந்துரையாடல் வராமலில்லை; பிந்தி வந்தது. முழு முறையையும் மீளாராய 2005இல் பெருநோக்கு எனப் பெயர்பெற்ற பதின்மர் குழு அமைக்கப்பட்டது. இடையிலே அதற்குரிய நிதி நிறுத்தப்பட்டுப் பின் வழங்கப்பட்டது. உள்ளூராட்சிகளுக்கு ஆறாவது கூறாக விதித்ததை மாநிலம் தானே மறந்தமை இரங்கத்தக்கது. மாநிலத்தைச் சுற்றி மக்கள் கருத்தறிந்த குழு, மழைவளமுள்ள மேற்குக்கும் வறண்ட கிழக்குக்கும் ஒரே விதி பொருந்தாமையைச் சுட்டியது. அனைவர்க்கும் நியாயமாதல் என்பதை அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. 2009இல் இயற்றப்பட்ட சட்டம், விளைநில, வனநில வகுப்பை மாவட்டங்கள் மீளாராய வழிவிட்டது. முப்பது ஆண்டு மனக்குறைக்கு அது சிறு மருந்தே.

ஓரிகன் விளைநிலங்களைக் காத்தது பெருஞ்செயல். அதனைக் குறைகூறல் தகாது. ஆயின் 1974இல் ஊரூராகச் சென்று கேட்ட அரசு, விதியின் பாரம் விழுந்த பின்னரும் அவ்வூர்களுக்குத் திரும்பிச் சென்றிருத்தல் வேண்டும். திட்டத்தால் நயம் பெறுவோர் பலர், நட்டமடைவோர் சிலர். அச்சிலரின் சொல்லைக் கேட்டு விடையிறுத்தலே கேட்டல் என்னும் சொல்லின் இரண்டாம் பொருளை நிறைவேற்றுவதாகும்.